ஒன்றில் ஆழ்ந்துபோகும் மனம்: ஆட்டிசமும் தீவிர ஆர்வங்களும்

ஆட்டிசம் உள்ள பலருக்கும் ஏதோ ஒரு விஷயத்தின் மேல் அளவுகடந்த ஈடுபாடு இருக்கும். ஒரு குழந்தைக்கு டைனோசர், இன்னொரு குழந்தைக்கு லிஃப்ட். ஒரு பெரியவருக்குப் பழைய வரைபடங்கள், இன்னொருவருக்கு எறும்புகள், வேறொருவருக்கு ஒரே ஒரு பாடகி. 'ஸ்பெஷல் இன்ட்ரஸ்ட்' என்று உலகெங்கும் சொல்லப்படும் இதைத் தீவிர ஆர்வம் என்றே இங்கே எழுதுகிறேன். ஆட்டிசத்தைப் பற்றி முதன்முதலாகப் படிக்க உட்காருபவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு குறைப்பட்டியல்: பேச்சு தாமதம், கண்ணைப் பார்த்துப் பேசாதது, மற்றவர்களோடு சேராதது. அந்த வரிசையில் இதுவும் ஒரு குறையாக நின்றுகொண்டிருக்கும். என்னைக் கேட்டால், ஆட்டிசம் உள்ள ஒருவரைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பொழுதுபோக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். தபால்தலை சேகரிக்கும் ஒருவர் விடுமுறை நாளில் ஆல்பத்தை எடுப்பார், கொஞ்ச நேரம் புரட்டுவார், மூடி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். நேரமில்லையென்றால் ஒரு மாதம் தொடாமலும் இருப்பார். தீவிர ஆர்வம் அப்படி அலமாரிக்குள் அடங்கி உட்காராது. பல் தேய்க்கும்போதும் அதே நினைப்பு, படுக்கும்போதும் அதே நினைப்பு. அதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிக்க வேண்டும், பட்டியல் போட வேண்டும், வகைவகையாகப் பிரிக்க வேண்டும், யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அதில் இறங்கிவிட்டால் பசி தெரியாது, கூப்பிட்டால் காதில் விழாது. அதில் கிடைக்கும் சந்தோஷமும் உடம்பெங்கும் பரவுகிற சந்தோஷம். சில குழந்தைகள் கைகளைப் படபடவென்று உதறுவார்கள், நின்ற இடத்திலேயே குதிப்பார்கள். பார்ப்பவர்கள் பதற்றம் என்று நினைத்துக் கையைப் பிடித்து நிறுத்துவதுண்டு. பல சமயம் அது ஆனந்தம், அதை நிறுத்த ஒரு காரணமும் இல்லை.

இரண்டு விஷயங்களை முதலிலேயே தெளிவுபடுத்திவிடலாம். பிள்ளைக்கு டைனோசர் மேல் பைத்தியம் என்பதை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று முடிவுகட்ட முடியாது. உளவியலாளர் ஜூடி டெலோச்சும் அவரோடு பணியாற்றியவர்களும் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணமாக வளரும் சின்னக் குழந்தைகளிலேயே சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு இப்படியொரு தீவிர மோகம் இருப்பதாகத் தெரிந்தது. அதே போல ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் இது இருந்தே தீரும் என்பதும் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013 இல் வெளியிட்ட, மனநல நிலைகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்-5 கையேடு, ஆட்டிசத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் நடத்தைகள் என்ற தலைப்பில் நான்கு கூறுகளைச் சொல்கிறது. தீவிர ஆர்வம் அவற்றில் ஒன்று. நான்கில் இரண்டு இருந்தால் அந்தப் பகுதி நிறைவேறியதாகக் கொள்வார்கள். ஆகவே இது இல்லாமலும் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கலாம்.

கவனம் பாயும் விதம்

சரி, ஏன் இப்படி ஆகிறது? எனக்குத் தெரிந்தவரை இதற்குக் கிடைத்திருக்கும் விளக்கங்களில் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது மோனோட்ராபிசம் என்ற கோட்பாடு. டைனா மரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் ஆகிய மூவரும் 2005 இல் அதை விரிவாக எழுதினார்கள். வென் லாசன் தாமே ஆட்டிசம் உள்ளவர். வெளியே நின்று பார்த்தவர்களின் விளக்கத்தில் இல்லாத ஒரு நியாயம் இதில் இருப்பதற்கு அதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

கவனம் என்பது எல்லோருக்குமே அளவோடு கிடைத்த ஒன்று. அதை எப்படிப் பங்கிடுகிறோம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. வயலுக்குப் பாயும் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது பல வாய்க்கால்களில் பிரிந்து ஓடுகிறது. எதிரில் இருப்பவர் பேசும் பேச்சு, அவர் முகம் போகும் போக்கு, பக்கத்து அறைச் சத்தம், அடுத்து முடிக்க வேண்டிய வேலை என்று எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் போய்ச் சேரும். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அதே தண்ணீர் ஓரிரண்டு வாய்க்கால்களில் மட்டும் முழு வேகத்தோடு பாய்கிறது. பாயும் இடத்தில் ஆழம் அதிகம். பாயாத இடம் அந்த நேரத்தில் காய்ந்துதான் கிடக்கும்.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் வீட்டிலும் பள்ளியிலும் தினம் நடக்கிற பல விஷயங்களுக்கு அர்த்தம் கிடைத்துவிடும். பெயர் சொல்லி நான்கு முறை கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை பெரும்பாலும் திமிரில் இருப்பதில்லை. குரல் போய்ச் சேரும் வழியில் அந்த நேரத்தில் கவனமே இல்லை. 'அதை வச்சிட்டு உடனே வா' என்றதும் வெடிக்கிற அழுகைக்கும் இதுதான் காரணம். முழு வேகத்தில் போய்க்கொண்டிருப்பதை ஒரு நொடியில் நிறுத்தி வேறு பக்கம் திருப்பச் சொல்கிறோம். அது வெறும் எரிச்சலாக இருப்பதில்லை, நிஜமாகவே வலிக்கிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். பத்து நிமிடம் முன்னாலேயே ஒரு முறை, ஐந்து நிமிடத்தில் இன்னொரு முறை சொல்லி, அந்தப் பக்கத்தையோ அந்த வரிசையையோ முடித்துவிட்டு வர விட்டால் பாதிச் சண்டை குறையும். மீண்டும் எப்போது அதற்குத் திரும்பலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் குறையும்.

ஆர்வம் ஓய்வாகவும் மாறுவது இன்னொரு முக்கியமான விஷயம். சத்தம், வெளிச்சம், கூட்டம், யார் எப்போது என்ன சொல்வார்களோ என்ற நிச்சயமின்மை, இவற்றுக்கு நடுவே ஒரு நாளைக் கழிப்பது ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பெரும் உழைப்பு. கிரகங்களின் நிலவுகள் அப்படித் திடீரென்று மாறுவதில்லை. ரயில் அட்டவணையில் கோபதாபம் கிடையாது. பள்ளியிலிருந்து வந்த பிள்ளை பேச்சுமூச்சு இல்லாமல் நேரே தன் வரைபடப் புத்தகத்தை எடுக்கிறது என்றால், களைத்துப்போய் வந்தவர் நாற்காலியில் சாய்வதைப் போலத்தான் அதைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் 'முதல்ல ஹோம்வொர்க், அப்புறம்தான் புத்தகம்' என்ற சட்டம் பெரும்பாலும் இரண்டையும் கெடுக்கும்.

ஆட்டிசம் உள்ள என் அக்கா மகனுக்கு ஆர்வம் ஃபேன் மேல். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பான். எத்தனை றெக்கை, றெக்கை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, சுற்றும்போது கிண்ணம் ஆடுகிறதா என்று எல்லாம் கணக்கெடுத்த பிறகுதான் அறையில் இருக்கும் மனிதர்கள் அவன் கண்ணில் படுவார்கள். ஒரு முறை தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு அவனை அழைத்துப் போயிருந்தேன். பேர் என்ன, என்ன படிக்கிறாய் என்று அவர் கேட்டதற்கெல்லாம் பதில் இல்லை. பையன் பேச மாட்டானோ என்று அவர் என்னைப் பார்த்தார். அப்போது என் சட்டையைப் பிடித்து இழுத்து, "மாமா, இது மெதுவா சுத்துது. கண்டென்சர் வீக்" என்றான். அவர் சிரித்துக்கொண்டே, "ஆமா தம்பி, ரொம்ப நாளாவே இப்படித்தான்" என்றார். உடனே அவர் பக்கம் திரும்பி, "ரெகுலேட்டரை அஞ்சுல வச்சாலும் இப்படித்தானா?" என்று கேட்டான். ஆமாம் என்றதும், "நிறுத்திட்டுப் போட்டா தானா சுத்துமா, கையால தள்ளிவிடணுமா?" என்றான். சில நாள் தள்ளிவிட வேண்டியிருக்கிறது என்று அவர் சொன்னார். அவ்வளவுதான், வகுப்பு ஆரம்பித்துவிட்டது. இந்த மோட்டாருக்குத் தானாகச் சுற்றத் தொடங்கும் பலம் கிடையாது, உள்ளே இரண்டு சுற்றுக் கம்பி இருக்கிறது, ஒன்றில் ஓடும் மின்சாரத்தைக் கண்டென்சர் கொஞ்சம் முன்தள்ளி விடுவதால்தான் சுழற்சி பிறக்கிறது, நாளாக ஆக அதன் சக்தி குறைந்துவிடும், மோட்டாரை மாற்ற வேண்டாம், கண்டென்சரை மாற்றினால் போதும். நடுவே நிறுத்தி, "புரியுதா?" என்று அவர் முகத்தைப் பார்த்தான்.

அவன் மதிப்பீட்டு அறிக்கையில் 'உரையாடலைத் தொடங்குவதில்லை', 'எதிராளியின் புரிதலைக் கவனிப்பதில்லை' என்று எழுதியிருக்கிறது. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அறையில் அவர் என்ன பார்த்தாரோ அதைத்தான் எழுதினார். ஆனால் அறிக்கை சொல்லும் அத்தனையையும் பையன் அன்று செய்தான். கேள்வி கேட்டான், பதிலுக்குக் காத்திருந்தான், பதிலை வைத்து அடுத்த கேள்வியைக் கேட்டான், கேட்பவருக்குப் புரிகிறதா என்று பார்த்தான். ஒருவரின் திறமையை அவருடைய ஆர்வத்துக்கு வெளியே மட்டும் வைத்து அளந்தால் கிடைக்கும் அளவு எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

மருத்துவர்கள் கண்ட விதம்

இந்த ஆர்வங்கள் ஆரம்பம் முதலே மருத்துவர்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. மாஸ்கோவில் குருன்யா சுகரேவா 1925 இலேயே இத்தகைய ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதினார். ஆனால் அவர் பெயர் நெடுங்காலம் பலருக்குத் தெரியாமலே கிடந்தது. அமெரிக்காவில் லியோ கன்னர் 1943 இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய பிறகுதான் ஆட்டிசம் தனி நிலையாக உலகுக்கு அறிமுகமானது. அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கரின் கட்டுரை வந்தது. தான் பார்த்த சிறுவர்களில் சிலருடைய ஆர்வங்களை அவர் வியப்போடு குறிப்பிடுகிறார். வேதியியல் சோதனைகளுக்கே கையிலிருந்த காசையெல்லாம் செலவழித்த சிறுவன், விஷங்களைப் பற்றியே யோசித்துப் பள்ளி ஆய்வகத்திலிருந்து சயனைடைத் திருடிவந்து சேர்த்துவைத்த சிறுவன் என்று அந்தப் பட்டியல் போகிறது. நாஜி ஆட்சியில் ஊனமுற்ற குழந்தைகளைக் கொன்ற திட்டத்தோடு அதே ஆஸ்பெர்கர் ஒத்துழைத்ததை வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் 2018 இல் ஆவணங்களோடு வெளியிட்டார். ஆஸ்பெர்கரின் எழுத்தை எடுத்துச் சொல்கிற எவரும் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி கன்னரின் முதல் குழந்தையான டொனால்ட் டிரிப்லெட்டுடையது. மிசிசிப்பி மாநிலத்துச் சிறுவன். வட்டமான எதைக் கண்டாலும் சுழற்றிவிட்டு ஆனந்தப்படுவான், எண்ணுவான், அளப்பான். ஒன்பது வயதுவாக்கில் அவனை ஒரு விவசாயத் தம்பதியின் பண்ணையில் தங்கவைத்தார்கள். கன்னர் 1945 இல் அங்கே போய்ப் பார்த்ததைப் பிற்பாடு, 1971 இல், எழுதினார். பையனுக்கு அளப்பதில் மோகம் என்று கண்ட அந்தத் தம்பதி, ஒரு கிணறு தோண்டச் சொல்லி அதன் ஆழத்தை அளந்து சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள். சோளப் பாத்திகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தவனை, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிச் சேர்த்தபோது அதட்டாமல், தோட்டத்தில் ஓர் இடத்தைக் கல்லறையாக ஒதுக்கித் தந்தார்கள். அவன் ஒவ்வொன்றுக்கும் பலகை நட்டுப் பெயர் எழுதினான். ஒரு நத்தைக்கு அவன் வைத்த பெயர் ஜான் ஸ்நெயில் லூயிஸ். நடுவில் இருப்பது நத்தை, கடைசியில் இருப்பது அந்தத் தம்பதியின் குடும்பப் பெயர். பிறந்த தேதி தெரியாது என்றும், இறந்த தேதியாக அவன் அதைக் கண்டெடுத்த தேதியையும் எழுதியிருந்தான்.

அந்தத் தம்பதிக்கு உளவியல் பயிற்சி எதுவும் கிடையாது. பையனின் ஆர்வத்தை ஒடுக்காமல் அதற்கு இடமும் வேலையும் கொடுத்தார்கள், தங்கள் பெயரை ஒரு நத்தைக்கு வைக்கவும் விட்டார்கள். டொனால்ட் பின்னால் கல்லூரியில் பட்டம் வாங்கி, வங்கியில் வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, தேசதேசமாகச் சுற்றி 89 வயது வரை வாழ்ந்து 2023 இல் இறந்தார். பண்ணை வாசம் மட்டுமே அவரை அப்படி ஆக்கியது என்று சொல்ல முடியாது. வசதியான குடும்பமும் ஊர்க்காரர்களின் ஆதரவும் அவருக்கு இருந்தன. ஆனாலும் பயிற்சி முகாம்களில் சொல்லிக்கொடுக்கப்படும் பல வழிமுறைகளைவிட அந்தக் கல்லறைத் தோட்டம் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

வாழ்நாள் முழுக்க வருபவை, வந்து போகிறவை

சில ஆர்வங்கள் மூன்று நான்கு வயதில் தொடங்கிக் கடைசி வரை கூட வரும். ஆஸ்பெர்கர் எழுதியதிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார். தவழ்ந்து நடந்த வயதிலேயே கோணங்கள் மேல் மோகம், பின்னால் வானியல் துறையில் உதவிப் பேராசிரியர் ஆனார். நீண்டகால ஆர்வம் ஒரே வடிவத்தில் நிற்பதும் இல்லை. பொம்மை ரயிலை வரிசையாக நிறுத்துவதில் ஆரம்பிக்கும். பிறகு எஞ்சின் வகைகள், அட்டவணைகள், சிக்னல் முறைகள், கைவிடப்பட்ட பாதைகளின் வரலாறு என்று கிளை விட்டுக்கொண்டே போகும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு 'இன்னமும் அதே ரயில்'. உள்ளே இருப்பவருக்கு ஒவ்வொரு சில ஆண்டும் புதிய உலகம்.

வந்து போகிறவையும் உண்டு. இவற்றைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணிக்கு முப்பது வயதுக்கு மேல்தான் ஆட்டிசம் இருப்பது உறுதியானது. ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காளான் மேல் ஆர்வம் வந்தது. சாப்பிடும் காளான் இல்லை, காளான் என்கிற உயிர். தண்டை நறுக்கிவிட்டுக் குடையை மட்டும் தாளின் மேல் கவிழ்த்து, மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை மூடி இரவு முழுக்க விட்டுவிடுவார். காலையில் எடுத்தால் நுண்விதைகள் விழுந்து தாளில் கதிர் கதிராகக் கோலம் போட்டிருக்கும். அந்தத் தூளின் நிறத்தை வைத்து எந்த இனம் என்று நெருங்கலாம். வெள்ளை நுண்விதை வெள்ளைத் தாளில் தெரியாது என்பதற்காகப் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாகத் தாளை ஒட்டிவைத்துக்கொண்டார். லத்தீன் பெயர்கள் நாக்கில் புரண்டன. அலுவலகத்தில் யார் என்ன பேசினாலும் காளானில் வந்து நிற்கும். அப்புறம் ஒரு நாள் அது போய்விட்டது.

"காலைல எழுந்து அந்தப் பேப்பரைப் பார்த்தேன், ஒண்ணுமே தோணலை. நேத்து வரைக்கும் உசுரா இருந்தது. யாரோ ஸ்விட்சை அணைச்ச மாதிரி" என்றார். அடுத்த ஆர்வம் வரும் வரை சில வாரங்கள் அவருக்கு எதிலும் பிடிப்பில்லாமல் வெறிச்சென்று போயின. காளான் நினைவுக்கு வந்தால் துக்கமும் வந்தது. அந்தத் துக்கத்தைவிட அவரை அதிகம் வருத்தியது சுற்றியிருந்தவர்களின் பேச்சு. எதையும் முழுசாகச் செய்ய மாட்டாய், ஆரம்பசூரத்தனம், காசைக் கரியாக்குகிறாய் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, அடுத்த ஆர்வம் வரும்போதே 'இதுவும் எத்தனை நாளைக்கோ' என்று வெட்கம் முந்திக்கொள்கிறது.

எத்தனை காலம் நீடித்தது என்பதை வைத்து ஓர் ஆர்வம் நிஜமா போலியா என்று தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அந்தச் சில மாதங்களில் அவருக்குக் கிடைத்த ஆழம் பலருக்குப் பல ஆண்டுகளிலும் கிடைக்காது. ஆர்வம் போன பிறகும் அறிவு போவதில்லை. நடந்துபோகும் வழியில் மரத்தடியில் ஒரு காளானைப் பார்த்தால் இன்றும் அதன் பெயரைச் சொல்லிவிடுவார். சில ஆர்வங்கள் ஆண்டுக்கணக்கில் உறங்கிவிட்டு மறுபடி எழுந்து வருவதும் சகஜம். அதனால் பிள்ளை ஒன்றை விட்டுவிட்டது என்று தெரிந்ததும் பொருட்களை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள், கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளையே சொல்லட்டும்.

குறுகிய கால ஆர்வங்கள் மாறிமாறி வருபவர்களில், கவனம் எளிதில் சிதறுவதும் அடங்காத துறுதுறுப்பும் கொண்ட ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்திருப்பவர்கள் நிறைய. 2013 வரை அமெரிக்கக் கையேட்டின்படி ஒரே ஆளுக்கு இரண்டையும் சேர்த்து உறுதிசெய்ய முடியாது. அந்த விதி நீங்கிய பிறகுதான் பலருக்குத் தங்கள் மனம் ஒரே நேரத்தில் ஆழத்தையும் புதுமையையும் தேடுவது ஏன் என்று விளங்கியது. எண்ணச் சுழற்சி நோய் எனப்படும் ஓ.சி.டி.யோடும் தீவிர ஆர்வத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஓ.சி.டி.யில் வரும் எண்ணம் வேண்டாத விருந்தாளி. பயத்தைத் தணிக்கத்தான் கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறார்கள், அதில் இன்பம் இல்லை. தீவிர ஆர்வத்தில் மனம் விரும்பிப் போகிறது. ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம் என்பதால் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

ஆர்வம் என்றதும் எந்திரம், எண், ரயில் என்றே நினைப்பது ஒரு பழைய பிழை. அதனால் நஷ்டப்பட்டவர்களில் பெண்கள் அதிகம். ஒரு சிறுமிக்குக் குதிரை மேலோ ஒரு கதைத் தொடர் மேலோ பாடகர் குழு மேலோ ஆர்வம் என்றால், அந்த வயதுப் பெண்ணுக்கு இருப்பதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். விஷயம் சாதாரணமானது, ஈடுபாட்டின் அளவு சாதாரணமானது இல்லை. குழுவில் ஒவ்வொருவரும் எந்த நிகழ்ச்சியில் என்ன உடுத்தினார்கள் என்பதைத் தேதிவாரியாகக் குறித்து வைத்திருக்கும் நோட்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஒரு தோழிதான் மொத்த ஆர்வமும் என்று ஆகிவிடுவதும் உண்டு. அது எளிதான நிலைமை இல்லை, அந்தத் தோழிக்கு மூச்சு முட்டும், விலகினால் இந்தப் பிள்ளை உடைந்துபோகும். பேசாத, அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்த குழந்தைகளின் ஆர்வங்களை ஆர்வம் என்றே பலர் எண்ணுவதில்லை. குழாயிலிருந்து விழும் நீரின் மேல் வெயில் படுவதை மணிக்கணக்கில் பார்க்கும் குழந்தைக்கு அதைப் பற்றிச் சொல்லச் சொற்கள் இல்லாமல் இருக்கலாம். நாலாயிரம் டைனோசர் தகவல் சொல்லும் பிள்ளைக்குக் கிடைக்கும் அதே மதிப்பு இந்தக் குழந்தைக்கும் கிடைக்க வேண்டும்.

எப்போது கவனிக்க வேண்டும்

எல்லாம் இன்பமயம் என்று சொல்லிவிட்டுப் போக மாட்டேன். 2018 இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தங்களுக்குத் தீவிர ஆர்வம் இருப்பதாகச் சொன்னார்கள். ஆர்வம் இருப்பது மனநிறைவோடு சேர்ந்தே வந்தது. ஆனால் ஈடுபாடு மிக மிக உச்சத்தில் இருந்தவர்களிடம் மனநிறைவு குறைந்தும் காணப்பட்டது. எது காரணம், எது விளைவு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. மனம் நொந்திருக்கும் ஒருவர் தப்பிப்பதற்காக ஆர்வத்துக்குள் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளவும் கூடும். திடீரென்று ஈடுபாடு எல்லை மீறினால், ஆர்வத்தைப் பிடுங்குவதற்கு முன்னால் அந்த ஆளின் நாள் எப்படிப் போகிறது என்று விசாரிப்பதே நல்லது. பள்ளியில் யாராவது சீண்டுகிறார்களா, வேலை இடத்தில் ஏதாவது மாறியதா?

தூக்கமும் சாப்பாடும் தொடர்ந்து கெடுவது, கையிருப்பு கரைவது, இன்னொருவரின் அந்தரங்கத்துக்குள் ஆர்வம் நுழைவது, உயிருக்கு ஆபத்தான பொருளில் ஆர்வம் திரும்புவது, இவையெல்லாம் தலையிட வேண்டிய இடங்கள். அங்கேயும் வேலியைச் செயலுக்குப் போடலாம், ஆர்வத்துக்குப் போட வேண்டியதில்லை. நெருப்பின் மேல் ஆர்வமுள்ள பிள்ளைக்குத் தீக்குச்சி கிடைக்காமல் பார்த்துக்கொண்டு, தீயணைப்பு வண்டிகளையும் எரிதலின் வேதியியலையும் திறந்துவிடலாம்.

இதற்கு நேர்மாறான ஒன்றைப் பெரும்பாலானவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். எல்லா ஆர்வங்களும் ஒன்றாக அணைந்துபோவது. 'இப்பல்லாம் அதைப் பத்திப் பேசறதே இல்லை, தேறிட்டான்' என்று வீட்டார் நிம்மதிப்படுவார்கள். மனச்சோர்வாக இருக்கலாம். ஆட்டிசம் உள்ளவர்கள் தங்கள் இயல்பை மறைத்து மறைத்து அடியோடு களைத்துப்போகும் நிலையாகவும் இருக்கலாம். உதவி தேட வேண்டிய நேரம் அது.

சுற்றியிருப்பவர்கள் செய்யக்கூடியது

ஆர்வத்தைப் பணயமாக வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சொன்னபடி கேட்டால்தான் ரயில் புத்தகம், கேட்காவிட்டால் புத்தகம் பீரோவுக்குள். உடனடியாக வேலை நடப்பதால் இது பலித்ததாகத் தெரியும். இளைப்பாறும் ஒரே இடத்துக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டோம் என்பது தெரியாது. எனக்குப் பிடித்தது எதுவென்று மற்றவர்களுக்குத் தெரிந்தால் அதை வைத்தே என்னைப் பிடிப்பார்கள் என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. அப்படி வளர்ந்து, தனக்குப் பிடித்ததை யாருக்கும் சொல்லாமல் ஒளித்து வாழும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

ஆர்வத்தின் வழியாகப் போவது வேறு கதை. ஆட்டிசம் உள்ள அமெரிக்க விலங்கறிவியலாளர் டெம்பிள் கிராண்டின் பதின்ம வயதில் தன் அத்தையின் பண்ணையில், மாடுகளுக்குத் தடுப்பூசி போட அவற்றை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் சாதனத்தைப் பார்த்தார். தனக்கும் அந்த அழுத்தம் அமைதி தரும் என்று தோன்றி, தனக்காகவே ஓர் அழுத்தும் பெட்டியைச் செய்துகொண்டார். அந்தப் பெட்டியை ஒழிக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் உண்டு. அவருடைய அறிவியல் ஆசிரியர் கார்லாக் மட்டும், அது ஏன் அமைதி தருகிறது என்று நீயே ஆராய்ந்து கண்டுபிடி, அதற்கு அறிவியல் படிக்க வேண்டும் என்றார். கிராண்டின் 1989 இல் விலங்கறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். கால்நடைகளைப் பயமுறுத்தாமல் கையாளும் கூடங்களை வடிவமைப்பதில் உலகறிந்த பெயர் அவருடையது.

இந்தக் கதையைச் சொன்னதும் பெற்றோர் கண்ணில் ஒரு ஒளி வரும்: அப்படியானால் என் பிள்ளையின் ஆர்வமும் ஒரு நாள் வேலையாக மாறும். மாறலாம், மாறினால் நல்லது. ஆனால் பழைய கூந்தல் உலர்த்திகளின் மேல் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அதில் வேலை கிடைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேலையாக மாற்றியதும் ஆர்வத்தில் இருந்த அமைதி போய்விட்டது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பிழைப்புக்கு உதவினால்தான் மதிப்பு என்று வைத்தால், மேலே சொன்ன குழாய் நீரைப் பார்க்கும் குழந்தை எங்கே போகும்?

நட்பும் இந்த வழியில் வரும். உளவியலாளர் டேனியல் லெகாஃப், தன் காத்திருப்பு அறையில் இரண்டு சிறுவர்கள் லெகோ கட்டைகளை வைத்துத் தாங்களாகவே பேசி விளையாடுவதைக் கவனித்தார். வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்தும் வராத பேச்சு அங்கே தானாக வந்தது. அதிலிருந்து பிறந்த குழு விளையாட்டு முறையைப் பற்றி அவர் 2004 இல் எழுதினார். ஒருவர் வரைபடத்தைப் படித்துச் சொல்ல, ஒருவர் கட்டையைத் தேடித் தர, ஒருவர் பொருத்துவார். மூவரும் பேசாமல் எதையும் கட்ட முடியாது.

கடைசியாக, தகவல் மழை. ஆர்வத்தைப் பற்றி மூச்சுவிடாமல் கொட்டுவதை ஆட்டிசம் உள்ளவர்களே 'இன்ஃபோ டம்ப்பிங்' என்று செல்லமாகச் சொல்வார்கள். கேட்பவருக்குச் சலிப்பாக இருக்கலாம். கொட்டுபவருக்கு அது தன்னிடம் இருக்கும் மிகச் சிறந்ததை எடுத்து நீட்டுவது. எல்லா நேரமும் கேட்க யாராலும் முடியாது, முடிகிற மாதிரி தலையாட்டிக்கொண்டு கைப்பேசியைப் பார்ப்பது அதைவிட மோசம். "இப்ப என்னால கவனமா கேட்க முடியலைம்மா, எட்டு மணிக்குச் சொல்லு" என்று நேராகச் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். குறிப்பால் உணர்த்துவதைவிட அது அவர்களுக்கு எவ்வளவோ மேல். எட்டு மணிக்கு மறக்காமல் போய் உட்காருங்கள். ஒரு கேள்வியாவது நிஜமாகத் தெரிந்துகொள்ள விரும்பிக் கேளுங்கள்.